மொரீனின் சராசரி

"வாயை இன்னும் கொஞ்சம் பெருசா... ஆங், அப்படித்தான். பையன் எந்த ஹைஸ்கூல்?"

கேட்கும்போதே கையிலிருக்கும் கொக்கி கீழ்க்கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருக்கும். எச்சில் உறிஞ்சும் குழாய் உதட்டோரத்தில் கொர்ரென்று இழுத்துக்கொண்டிருக்கும். நாற்காலியில் சாய்ந்திருப்பவரால் "ஆ" என்று மட்டுமே சொல்ல முடியும். மொரீன் ஸ்டக்மையருக்கு அது போதும். அந்த 'ஆ' நீளமா குட்டையா, அதில் பெருமை இருக்கிறதா சங்கடம் இருக்கிறதா என்று பார்த்துப் பள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த மூச்சில் கல்லூரியில் சேர எழுதும் ஏ.சி.டி. பரீட்சையில் அந்தப் பள்ளியின் சராசரி வரும். முப்பத்தாறுக்கு எத்தனை, போன வருடம் எத்தனை, இறங்கியிருந்தால் அதற்கு யார் காரணம். மறுத்துப் பேச நினைப்பவர் வாய் கொப்பளிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கொப்பளித்து முடிப்பதற்குள் மொரீன் அடுத்த பல்லுக்கும் அடுத்த பள்ளிக்கும் போயிருப்பார்.

டாக்டர் வான் லியரின் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது அவர் வேலை. காரை சுரண்டுவார், மெருகு போடுவார், பல்லிடுக்கில் நூல் விட்டு எடுப்பார். கை நல்ல கை. தனியார் பள்ளிக் குடும்பத்து ஈறுகளை அவர் பூப்போலத் தொடுவதாகவும், அரசுப் பள்ளிக் குடும்பத்து ஈறுகளில் கொஞ்சம் கூடுதலாகக் காரை கண்டுபிடிப்பதாகவும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

நான் அவருடைய நோயாளி மட்டுமல்ல, எதிர்வீட்டுக்காரனும்கூட. கான்சாஸ் சிட்டியிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு நான் குடிவந்த அன்று, ஒரு தட்டில் வெண்ணெய் கேக்கோடு வந்து வாசலில் நின்றார். பெயரைக் கேட்டார், லாயிட் என்றேன். அடுத்து எந்த ஹைஸ்கூல் என்றார். இந்த ஊரில் பெயருக்கு அடுத்தபடி எல்லோரும் கேட்பது அதைத்தான். வேலையோ சம்பளமோ அப்புறம்தான். நான் வெளியூர்ப் பள்ளி என்று தெரிந்ததும், "அய்யோ பாவம்" என்று கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி வைத்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையிடம் பேசுகிற குரல். முப்பது வருடமாகிறது. அந்தக் குரல் இன்னும் மாறவில்லை.

காலையில் பத்திரிகை வந்ததும் மொரீன் முதலில் பிரிப்பது இரங்கல் பக்கத்தை. யார் போனார்கள் என்று பார்க்க அல்ல, எந்தப் பள்ளியில் படித்துவிட்டுப் போனார்கள் என்று பார்க்க. எங்கள் தெருவில் குழாய் வேலை பார்த்த கிழவர் ஒருவர் இறந்தபோது, பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, விதவையின் கையைப் பிடித்து, "தங்கமான மனுஷன். அந்தக் காலத்துல அவரோட ஸ்கூல் சராசரி பத்தொம்பதுதான். அதை வெச்சுப் பாத்தா ரொம்ப நல்லாவே வந்துட்டார்" என்றார். அந்த அம்மாள் ஆறுதலடைந்தாரா என்று தெரியவில்லை. மொரீன் ஆறுதல் சொன்ன திருப்தியோடு வீடு திரும்பினார்.

உலகத்தில் பள்ளிக்கூடங்கள் பல இருந்தாலும் மொரீனின் உலகத்தில் இரண்டுதான். ஒன்று அவர் படித்த செயின்ட் வால்பர்கா, கத்தோலிக்கப் பெண்களுக்கான தனியார் பள்ளி. கட்டணத்தைக் கேட்டால் பல் கூசும். இன்னொன்று குவாரி தெரு மேக்னெட் பள்ளி. அது நகரத்து அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது, ஆனால் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும். காந்தம் என்று அதற்குப் பெயர் வைத்தவருக்குப் புத்தி இருந்திருக்கிறது. இரும்பாக இருப்பது மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றது தரையில் கிடக்கும்.

உள்ளூர்ப் பத்திரிகை வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிகளின் சராசரியையும் ஒரு முழுப்பக்க அட்டவணையாகப் போடும். வால்பர்கா எப்போதும் குவாரியைவிட ஒரு புள்ளி, அரைப் புள்ளி மேலே இருக்கும். அந்த அரைப் புள்ளியில்தான் மொரீன் குடியிருந்தார். "நம்பர் பொய் சொல்லாது, லாயிட்" என்பார். நம்பருக்கு அவர் அளித்த சுதந்திரம் அவ்வளவுதான், பொய் சொல்லாமல் இருப்பது. மற்றபடி அது என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரே சொல்லிக்கொடுப்பார். வால்பர்கா ஒரு வருடம் சறுக்கினால், "அந்த மாசம் ஊர் பூரா ஃப்ளூ." குவாரி ஏறினால், "அவங்க பொறுக்கி எடுக்கறாங்கப்பா, நல்ல பசங்களா பாத்து." வால்பர்காவிலும் நுழைவுப் பரீட்சை இருக்கிறதே என்று கேட்டால், "அது பொறுக்கறது இல்ல. பொண்ணைப் பத்தித் தெரிஞ்சுக்கறது."

ஒருநாள் டாக்டர் வான் லியரே பொறுமையிழந்தார். நான் நாற்காலியில் இருந்தேன், அதனால் சாட்சி.

"மொரீன், நான் ஒண்ணு செய்யறேன். வாசல்லயே டார்ச் அடிச்சுப் பாத்து, சொத்தை இல்லாதவங்களை மட்டும் உள்ள விடறேன். வருஷக் கடைசியில, எங்க கிட்ட வர்றவங்க யாருக்கும் சொத்தையே இல்லைன்னு போர்டு மாட்டிக்கறேன். நான் நல்ல டாக்டர்னு ஒத்துக்குவீங்களா?"

மொரீன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா செய்யுங்க டாக்டர். என் மணிக்கட்டு வலியாவது குறையும்."

இப்படிப்பட்டவருக்கு டெஸ் என்று ஒரு மகள். பங்குக் கோயிலின் பள்ளியில் எட்டாவது முடிக்கப்போகிறாள். எட்டாவதில் இருக்கும் பிள்ளைகள் ஹைஸ்கூலைத் தேர்ந்தெடுக்குமுன் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது வழக்கம். வால்பர்காவுக்குப் போன டெஸ் சாயங்காலம் தலை குனிந்து வந்தாள். தாழ்வாரத்தில் அம்மாவின் வகுப்புப் புகைப்படம் மாட்டியிருந்ததாம். போகிற வருகிறவர்களெல்லாம் நிறுத்தி, "மொரீனோட பொண்ணா நீ!" என்று கன்னத்தைத் தொட்டார்களாம். குவாரிக்குப் போனவள் உதடு வீங்கி வந்தாள். அந்தப் பள்ளியின் மொட்டை மாடியில் பிள்ளைகள் தேனீ வளர்க்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவளை ஒன்று கொட்டிவிட்டது. அந்த வீங்கிய உதட்டோடு தெருவில் இறங்கி, கண்ணில் பட்ட என்னிடம் முதல் ஆளாகச் சொன்னாள், "நான் அங்கதான் போவேன், லாயிட் மாமா. அங்க ஒருத்தர்கூட நான் யார் பொண்ணுன்னு கேக்கல."

மொரீன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தேனீக்கு ஏ.சி.டி.ல எத்தனை மார்க்காம்?"

குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் இதே சண்டை. டெஸ் இரண்டு பள்ளிப் பரீட்சையும் எழுதினாள், இரண்டிலும் இடம் கிடைத்தது. அதாவது சண்டையை முடித்துவைக்க உலகம் ஒத்துழைக்கவில்லை. மொரீனின் கணவர் கர்ட், லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாயைத் திறந்தால் மாதத்துக்கு நாலு வார்த்தை. அவரிடம் மகள் நியாயம் கேட்டாள். "நான் படிச்சது தச்சு வேலை சொல்லிக் குடுக்கற ஸ்கூல்ல. என் லிஃப்ட்ல ஏறுறவங்க யாரும் அதைக் கேட்டுட்டு ஏறல" என்று சொல்லிவிட்டு, அந்த மாதத்துக்கான பேச்சு தீர்ந்ததுபோல் கராஜுக்குள் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆனால் பங்கு மண்டபத்தில் மீன் வறுவல். காட் மீன், சீஸ் போட்ட மக்ரோனி, பிளாஸ்டிக் கோப்பையில் பீர். ஊரே வரிசையில் நிற்கும். இறைச்சியை விட்டு நாம் செய்யும் தவம் அப்படி. நீண்ட மேசையில் மொரீன், கர்ட், டெஸ், நான், எதிரே பங்குத்தந்தை. டெஸ் மறுபடி தேனீயில் ஆரம்பித்தாள். மொரீன் முள்கரண்டியை வைத்துவிட்டு, மேசைக் கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

"சரி. வாதமே வேண்டாம். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அட்டவணை வருது. எந்த ஸ்கூல் சராசரி அதிகமோ அங்க போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"ஃபாதரை வெச்சுக்கிட்டு சொல்றேன்."

பங்குத்தந்தை மீனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வால்பர்காவுக்கு எதிரே இருக்கும் ஆண்கள் பள்ளியின் பழைய மாணவர். தன் பள்ளிச் சராசரி பேச்சில் வந்துவிடுமோ என்று பயந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் சம்மட்டிச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். இடம் கிடைத்த பெண்களின் வீட்டுக்கு வால்பர்கா ஒரு பலகை அனுப்பும். 'இங்கே ஒரு வால்பர்கா மகள் வாழ்கிறாள்' என்று நீல எழுத்தில் இருக்கும். வீட்டு முன்புல்வெளியில் அதை நட்டுவைக்க வேண்டும். மொரீன் கணவருடைய சம்மட்டியால் உறைந்த மண்ணில் அதை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"அட்டவணை வரட்டும்னு ஒரு மரியாதைக்காவது காத்திருக்கலாமே?" என்றேன்.

"அது வந்து என்ன சொல்லப்போகுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று இன்னும் ஓர் அடி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வந்தது. குவாரி தெரு, இருபத்தேழு புள்ளி நான்கு. செயின்ட் வால்பர்கா, இருபத்தேழு புள்ளி ஒன்று. அன்று பெய்த பனியும் அந்தப் பலகையைப் பாதிவரை மூடிவிட்டது. இயற்கைக்கு இருக்கும் நாகரிகம் எனக்கு இல்லை. பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, பனி தள்ளும் சாக்கில் வெளியே போய் நின்றேன். எதிர்வீட்டில் யாரும் வெளியே வரவில்லை.

அந்த வாரம்தான் எனக்குப் பல் சுத்தம் செய்யும் முறை. கொக்கி உள்ளே இறங்கியது. இந்தத் தடவை கேள்வியே இல்லை, நேராக விளக்கம்.

"புள்ளி மூணு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன், லாயிட். குவாரில சேர்ற பசங்க எல்லாரும் கடைசி வருஷம் வரைக்கும் இருக்கறதில்ல. தடுமாறுற பசங்களைக் கூப்பிட்டு, 'கண்ணு, உனக்கு வேற ஸ்கூல்தான் பொருந்தும்'னு முதுகைத் தட்டி அனுப்பிடறாங்க. பரீட்சைக்கு உக்கார்றது பூரா மிச்சம் இருக்கற கெட்டிக்காரங்க. அப்புறம் சராசரி ஏறாம என்ன செய்யும்? இதுல என்ன பெருமை? சொல்லுங்க."

சொல்லுங்க என்றவர் கொக்கியை எடுக்கவில்லை. நான் கையை உயர்த்திக் கொப்பளிக்க அனுமதி வாங்கினேன்.

"வால்பர்கால?"

"வால்பர்கால என்ன?"

"நம்ம தெருமுனை வீட்டுப் பொண்ணு, சிவப்பு முடிக்காரி. போன வருஷம் பாதியில வெளிய வந்தாளே."

"அவளுக்கு அந்த ஸ்கூல் பொருந்தல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மொரீன் முகமூடிக்கு மேலே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "வாயைத் திறங்க" என்றார். அன்று என் ஈறில் ரத்தம் வந்தது. நான் சொன்னதற்காக அல்ல, நான் நூல் விடுவதில்லை என்பதால்தான் என்று அவர் விளக்கினார்.

வெள்ளிக்கிழமை மறுபடி மீன். இரண்டு பள்ளிகளும் அன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தன. வரிசையில் நிற்கும்போதே கர்ட் எனக்கு இதைச் சொல்லிவிட்டார், மாதத்து நாலு வார்த்தையை அதற்கே செலவழித்து. பெற்றவர்களில் ஒருவர் கைபேசியில் 'சேருகிறோம்' என்ற கட்டத்தை அழுத்த வேண்டும். பிள்ளை அழுத்தினால் செல்லாது. டெஸ் தன் கைபேசியில் இரண்டு பள்ளிப் பக்கங்களையும் திறந்து, காகிதத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று சாப்பிடாமல் காத்திருந்தாள். மொரீன் புள்ளி மூன்றைப் பற்றிப் பேசினார். பாதியில் போன பிள்ளைகளைச் சேர்த்தால் கணக்கு எப்படி மாறும் என்று பேசினார். போன பத்து வருடச் சராசரியின் சராசரி என்று ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தார். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

டெஸ் சிரிக்கவில்லை. "அம்மா, ஃபாதர் முன்னாடி சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். ஆனா எந்தச் சராசரின்னு நான் சொல்லல."

"ஊர்ல எல்லாரோட ஸ்கூல் மார்க்கும் உனக்குத் தெரியும். செத்தவங்க மார்க்குகூடத் தெரியும்." டெஸ்ஸின் குரல் கொஞ்சம் உடைந்தது. "உன்னோட மார்க் என்னம்மா? நீ எவ்வளவு வாங்கின?"

அம்மையாரிடம் இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் கொக்கி இருந்தால் எப்படிக் கேட்பது? மொரீன் பீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"பதினேழு" என்றார்.

கர்ட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

"அந்த வருஷம் ஸ்கூல் சராசரி இருபத்தி நாலு. என்னை எடுத்துட்டா எவ்வளவு ஏறும்னு நானே கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன்." மொரீன் யாரையும் பார்க்காமல் மக்ரோனியைக் கிளறினார். "இவளை அனுப்பிடலாம், ஸ்கூல் பேரைக் கெடுக்கறான்னு ரெண்டு மூணு டீச்சருங்க சொன்னாங்க. சிஸ்டர் வில்லிபிரிடாதான் அப்ப தலைமை. 'அவ எங்க பொண்ணு. மார்க் வந்தாலும் எங்க பொண்ணு, வராட்டியும் எங்க பொண்ணு'ன்னுட்டாங்க. நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு இருந்தேன். அதான் டெஸ். அதுக்குத்தான் உன்னை அங்க போகச் சொல்றேன். வேற எதுக்கும் இல்ல."

முப்பது வருடமாக நான் கேலி செய்துகொண்டிருந்த அந்த அரைப் புள்ளியை, அதைக் கீழே இழுத்த பெண்தான் ஊர் பூராவும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். கடனைத் தீர்க்கிறாளாம், தெரிந்த ஒரே வழியில். அதைப் போய் ஊரார் பல்லைச் சுரண்டும்போதா தீர்ப்பது என்று ஒரு கோபமும் வந்தது.

டெஸ் கையை நீட்டி அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டாள். சண்டைக்குரல் போய்விட்டிருந்தது. தேனீயும் மொட்டை மாடியும் அந்த நிமிடம் அவளுக்கு நினைவில் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடுதான் கேட்டாள்.

"இப்ப ஒரு பொண்ணு பதினேழுதான் வாங்குவா போல இருந்தா, வெச்சுக்குவாங்களாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் வால்பர்காவுக்கே போயிருப்பாள், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. மொரீனுக்கும் அது தெரிந்தது. எதிரே நான் இருந்தேன். இரண்டு மேசை தள்ளி, தெருமுனை வீட்டுச் சிவப்பு முடிக்காரி தன் தம்பிக்கு மீனில் முள் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மொரீனின் கண் அங்கே போய்விட்டுத் திரும்பியது.

அவர் காகிதத் துண்டை எடுத்து எண்ணெய்க் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். டெஸ்ஸின் கைபேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குவாரி தெருப் பக்கத்தைத் தேடி, கட்டை விரலால் ஒருமுறை அழுத்தினார். பிறகு அதை மகளிடம் கொடுக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.